நியூயார்க் நகரின் ஈயத் தடுப்புச் சேவை: கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு எவ்வளவு உதவும்?

மேலே தூக்கித் திறக்கும் பழைய மர ஜன்னல் உள்ள வீட்டில் குடியிருந்தால், இன்று ஒரு முறை அதை முழுக்கத் தூக்கி அடியில் பாருங்கள். கண்ணாடிச் சட்டம் இறங்கி உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் கோலமாவு போல வெள்ளைத் தூளும், வெட்டிப்போட்ட நகம் போலச் சுருண்ட செதில்களும் கிடக்கும். வெறும் சுவர்த் தூசி என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். சட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் மரத்தோடு மரம் உரசி, அடியில் இருக்கும் பழைய பெயின்ட் மாவாக உதிர்கிறது. அந்தப் பெயின்டில் காரீயம் இருந்தால், அது தரைக்கு இறங்கி, தவழும் பிள்ளையின் உள்ளங்கையில் ஒட்டி, வாய்க்குப் போய்விடும். நியூயார்க் பிள்ளைகளுக்கு ஈயம் ஏறும் முக்கிய வழி இன்றும் இதுதான்.

வீடுகளுக்கு ஈயப் பெயின்ட் அடிப்பதை நியூயார்க் நகரம் 1960-லேயே தடை செய்தது. அமெரிக்கா முழுவதற்கும் தடை வந்தது 1978-இல். ஆனால் நகரின் பகுதிகளான குயின்ஸிலும் பிராங்க்ஸிலும் புரூக்ளினிலும் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் பெரும்பங்கு 1960-க்கு முன் கட்டியவை. அதனால் நகரம் ஒரு தடுப்புச் சேவையை நடத்துகிறது. ரத்த அளவையும் பொருள்களையும் சுகாதாரத் துறை கவனிக்கிறது, பெயின்டை வீட்டுவசதித் துறை, குழாய்த் தண்ணீரை நீர்த் துறை. மூன்றுக்கும் வாசல் ஒன்றே, 311 என்ற தொலைபேசி எண். கட்டணம் கிடையாது, விசா நிலையைக் கேட்கமாட்டார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது என்று தெரிந்தபிறகு இந்தச் சேவை மிக நன்றாக வேலை செய்கிறது. ஏறுவதற்கு முன்பே அதை வேலை செய்யவைக்க, குடியிருப்பவர்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது, தெரியாதவருக்குத் தாமதமாகிறது.

முதலில் ரத்தப் பரிசோதனை. நியூயார்க் மாநிலச் சட்டப்படி ஒரு வயதில் ஒரு முறை, இரண்டு வயதில் ஒரு முறை என்று எல்லாக் குழந்தைகளுக்கும் மருத்துவர் ஈய அளவைப் பார்த்தாக வேண்டும். அதன்பின் ஆறு வயது வரை வருடந்தோறும் ஆபத்து இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இரண்டாவது பரிசோதனையைப் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. முதல் தடவை நன்றாக இருந்ததே என்ற நிம்மதி ஒரு காரணம், இடையில் ஊருக்குப் போய்வருவது இன்னொன்று. இரண்டாவதை விடக்கூடாது. ஒரு வயதில் மடியில் இருந்த பிள்ளை, இரண்டு வயதில் ஜன்னலோரம் நின்று கட்டையைக் கடிக்கிறது.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் முறையில் அளவு கூடுதலாக வந்தால் பதறவேண்டாம். தோலில் ஒட்டியிருக்கும் தூசி ரத்தத்துளியோடு கலந்தாலே எண் ஏறிவிடும். குத்துவதற்கு முன் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார்களா என்று பாருங்கள். அளவு கூடியிருந்தால் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து உறுதிசெய்வதுதான் முறை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் என்பதுதான் இப்போதைய எல்லைக்கோடு. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் மத்திய நோய்த்தடுப்பு மையம் (CDC) 5-இலிருந்து 3.5-க்குக் குறைத்தது. அதற்குக் கீழே இருந்தால் ஈயம் தீங்கு செய்யாது என்று பொருளல்ல. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

உடலிலிருந்து ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தை வழக்கமாக 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் போனால்தான் கொடுப்பார்கள். அதற்குக் கீழே மாத்திரையோ ஊசியோ இல்லை. ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் வைத்தியம். ஆகவே இந்தச் சேவையை எடைபோடும்போது, மூலத்தை எவ்வளவு நன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதில் சுகாதாரத் துறைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பரிசோதனை முடிவு எதுவானாலும் ஆய்வகம் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதால், அளவு கூடியிருந்தால் நீங்கள் கூப்பிடாமலேயே அவர்கள் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வரும் ஆய்வாளர் கையில் துப்பாக்கி வடிவில் ஒரு எக்ஸ்-ரே கருவி இருக்கும். சுவரில் வைத்து அழுத்தினால் சில விநாடிகளில், மேலே எத்தனை பூச்சு இருந்தாலும் அடியில் இருக்கும் ஈயத்தைக் காட்டிவிடும். ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மில்லிகிராம் வந்தாலே அது ஈயப் பெயின்ட். 2021 டிசம்பர் வரை இந்த எல்லை 1.0 ஆக இருந்தது. பழைய அறிக்கையை நீட்டி “இந்த வீட்டில் ஈயம் இல்லை” என்று வீட்டுக்காரர் சொன்னால், அறிக்கையின் தேதியைப் பாருங்கள்.

சுவரோடு அவர்கள் நிறுத்துவதில்லை. 2009-இல் இதே நகரத்தில் ஒரு வயதுக் குழந்தைக்கு ஈயம் ஏறியபோது, காரணம் அந்தக் குழந்தைக்குக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்த கம்போடியத் தாயத்து என்று கண்டுபிடித்தார்கள். அதில் 45 சதவீதம் ஈயம். அரைஞாண் கயிற்றில் தாயத்தும் உலோகக் குண்டும் கோத்துக் கட்டும் நம் வீடுகளுக்கு இது வேற்றூர்ச் செய்தி அல்ல. பிள்ளை வாயில் வைத்துச் சப்பும் இடத்தில் எது தொங்கினாலும், அது என்ன உலோகம் என்று தெரியாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

ஆய்வாளர் வரும் நாளில் சமையலறை, பூஜை அலமாரி இரண்டையும் நீங்களே திறந்து காட்டுங்கள். மசாலா உண்டா, மூலிகை மருந்து உண்டா என்று அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் ஈயச் சொம்பு என்று ஒன்று இருப்பது எல்லா ஆய்வாளருக்கும் தெரிந்திருக்காது.

ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் செய்ய வேண்டிய பாத்திரம். ரசம் வைக்க அதைவிட மணம் தரும் பாத்திரம் இல்லை என்று நம் பாட்டிகள் சொன்னது வெள்ளீயத்தை நினைத்துத்தான். ஆனால் நம் பேச்சில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். காரீயம் விலை மலிவு, மென்மை, எளிதில் உருகும். கலந்து வார்த்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. புளியும் தக்காளியும் சேர்ந்த ரசம் அதில் கொதிக்கும்போது காரீயம் கரைந்து இறங்குகிறது. வளைத்தால் சத்தம் வருகிறதா, காகிதத்தில் தேய்த்தால் கோடு விழுகிறதா என்ற கடைக்காரர் சோதனைகள், பாதிக்கு மேல் காரீயமாக இருந்தால் ஒருவேளை காட்டிக்கொடுக்கலாம். கொஞ்சமாகக் கலந்ததை அவை காட்டாது. அதே எக்ஸ்-ரே கருவியைச் சொம்பின் அடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கும் இதே பேச்சுத்தான். கடைசலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பித்தளையில் ஈயம் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். உள்ளே பூசிய பூச்சு தேய்ந்துபோயிருந்தால் அதில் புளிக்குழம்பு வைக்காதீர்கள்.

மஞ்சள் பொடி விஷயத்தில் சுகாதாரத் துறை செய்திருக்கும் வேலை உலகத்துக்கே பயன்பட்டது. பத்து ஆண்டுகளில் 41 நாடுகளைச் சேர்ந்த 1,496 மசாலா மாதிரிகளைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் ஈயம் தென்பட்டது. 30 சதவீதத்துக்கு மேல் 2 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவைத் தாண்டியிருந்தன. நமக்கு முக்கியமான செய்தி அதற்குள்ளே இருந்தது. அடிக்கடி சோதித்த மசாலாக்கள் சிலவற்றில், நியூயார்க் கடையில் வாங்கியதைவிட வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்ததில் ஈயம் கூடுதலாக இருந்தது. ஊரிலிருந்து பெட்டியில் கட்டிவரும் பொடிதான் சுத்தம் என்ற நம்பிக்கையை இந்த முடிவு அசைக்கிறது. “கிழங்காக வாங்கி நாமே அரைத்தால் சரி” என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. பளபளவென்று மஞ்சளாகத் தெரியவேண்டும் என்று மெருகேற்றும்போதே கிழங்கின் மேல் ஈயக் குரோமேட் சாயம் ஏற்றும் பழக்கம் தெற்காசியாவில் இருந்திருக்கிறது. வங்காளதேசத்தில் 2019-இல் சோதித்த மஞ்சளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு சந்தைக்குள் இறங்கி நடவடிக்கை எடுத்ததும் 2021-இல் அது பூஜ்யத்துக்கு வந்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

குங்குமத்திலும் செந்தூரப் பொடியிலும் இதே கதை. நியூ ஜெர்சிக் கடைகளில் வாங்கிய 95 செந்தூர மாதிரிகளையும் இந்தியாவில் வாங்கிய 23 மாதிரிகளையும் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், முன்னதில் 83 சதவீதத்திலும் பின்னதில் 78 சதவீதத்திலும் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. நெற்றியில் இருப்பதைவிட விரலில் ஒட்டியிருப்பதுதான் கவலை. அதே விரலால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஈயம் பட்டால் சிவக்கும் சோதனைக் குச்சிகள் கடையில் கிடைக்கின்றன. சிவப்புப் பொடியில் அந்தக் குச்சி எதையும் சொல்லாது, குங்குமத்தின் நிறமே அதில் ஏறிவிடும். மஞ்சளில் கலந்திருக்கும் சிறிய அளவும் அதற்கு எட்டாது. பொடிகளுக்கு ஆய்வகம் ஒன்றே வழி.

ஊர் மருந்துகளையும் மறைக்காமல் காட்டுங்கள். 2011, 2012-இல் இதே நகரத்தில் ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈயம் ஏறியதற்குக் காரணம் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகள். ஒரு மாத்திரையில் எடையில் 2.4 சதவீதம்வரை ஈயம் இருந்தது. தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் தொப்புள்கொடி வழியே கருவுக்குப் போகும். பற்பம், செந்தூரம் என்று பெயர் முடிந்தால் அதில் உலோகமோ தாதுவோ சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டப்பாவைத் தூக்கிப்போடாமல் அப்படியே கொடுங்கள், சோதிக்க அது வேண்டும். இப்படிச் சோதித்த பொருள்களின் பட்டியலை நகரத்தின் திறந்த தரவுத் தளத்தில் யாரும் தேடிப்பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பொருளின் பெயர், நாடு, அளவு எல்லாம் இருக்கும். எங்களுக்கு இந்தச் சேவையில் மிகவும் பிடித்த பகுதி இது.

இனி பெயின்ட். இங்கேதான் சட்டம் வலுவாகவும் நடைமுறை மெலிந்தும் இருக்கிறது. லோக்கல் லா 1 என்று எல்லோரும் சொல்லும் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1960-க்கு முன் கட்டிய குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், பெயின்டில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் பராமரிக்க வேண்டும். முதலில் மூன்று வீடும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு மட்டும் இருந்தது. 2020-இல் வந்த திருத்தம், வாடகைக்கு விட்ட ஒரு வீட்டு, இரண்டு வீட்டுக் கட்டடங்களையும் உள்ளே கொண்டுவந்தது. வாரத்துக்குப் பத்து மணி நேரம் குழந்தை அங்கே இருந்தாலே அது குடியிருப்பதாகக் கணக்கு. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டி வீடும் இதில் அடங்கும்.

இதற்கெல்லாம் திறவுகோல் ஒரு தாள். ஒவ்வொரு ஜனவரி முதல் பாதியிலும், “உங்கள் வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறதா?” என்று கேட்டு வீட்டுக்காரர் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். பிப்ரவரி 15-க்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அது ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான் வருகிறது, மின்கட்டண ரசீதுகளோடு ரசீதாகக் குப்பைக்குப் போய்விடுகிறது. அதை நிரப்பி, படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். வருடத்தின் நடுவில் குழந்தை பிறந்தாலோ குடிவந்தாலோ அடுத்த ஜனவரி வரை காத்திருக்காமல் எழுத்தில் தெரிவியுங்கள். 1960-க்கு முன் கட்டிய வாடகை வீடுகளை 2025 ஆகஸ்ட் 9-க்குள் எக்ஸ்-ரே கருவியால் முழுக்கச் சோதித்திருக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அந்த அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

பெயின்ட் உரிந்தும் வீட்டுக்காரர் அசையவில்லையா? 311-க்குக் கூப்பிட்டு இரண்டு விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: பெயின்ட் உரிகிறது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் அது சாதாரணப் பெயின்ட் புகாராகப் பதிவாகிவிடும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்குள் வீட்டுவசதித் துறை வந்து பார்க்க வேண்டும். ஆய்வாளர் வரும்போது கதவு பூட்டியிருந்தால் புகாரை மூடிவிட வாய்ப்பு உண்டு, அதனால் தொலைபேசியை எடுக்கத் தவறாதீர்கள். மீறல் என்று முடிவானால் அது மிக ஆபத்தான வகையில் சேரும். 21 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நகரமே ஆள் வைத்துச் செய்து வீட்டுக்காரருக்குப் பில் அனுப்பும்.

சரிசெய்யும் வேலைதான் அதிகம் கெட்டுப்போகும் இடம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளே உப்புத்தாளோடு வந்து உலர்ந்த சுவரைத் தேய்க்க ஆரம்பித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அப்படித் தேய்ப்பது சட்டவிரோதம். சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த ஈயம் அரை மணி நேரத்தில் வீடு முழுக்கப் பறந்துவிடும். முறையான வேலையில் சான்றிதழ் பெற்றவர்கள் வருவார்கள், அறையை பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஓரங்களை டேப் போட்டு ஒட்டுவார்கள், தண்ணீர் தெளித்து ஈரமாக்கித்தான் சுரண்டுவார்கள், நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த வாக்குவம் கொண்டு இழுப்பார்கள். அந்த நேரத்தில் குழந்தையும் கர்ப்பிணியும் அங்கே இருக்கக்கூடாது. அரிசி டின், தட்டு, பால்புட்டி எல்லாவற்றையும் முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வேலை செய்தவரோ வீட்டுக்காரரோ அல்லாத மூன்றாம் ஆள் தூசி மாதிரி எடுக்க வேண்டும். தரையில் ஒரு சதுர அடிக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், ஜன்னல் திண்டில் 40, ஜன்னல் பள்ளத்தில் 100. பத்துக்குப் பத்து அறையின் தரை முழுவதற்கும் சேர்த்து அரை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால், ஒரு கடுகின் எடைகூட வராது. அவ்வளவு கொஞ்சம் போதும் ஒரு பிள்ளையைக் கெடுக்க. சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டு ஜன்னல் பள்ளத்தை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தூசி முடிவைத் தாளில் பார்க்காமல் பிள்ளையை உள்ளே கொண்டுவராதீர்கள். அதன்பிறகும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள், சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி, ஜன்னல் பள்ளத்துக்குத் தனித்துணி, துடைத்ததும் அது குப்பைக்கு.

குறைகளையும் சொல்லவேண்டும். நகரத்தின் கணக்குத் தணிக்கையாளர் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, எந்தக் கட்டடத்தில் பிள்ளைகளுக்கு ஈயம் ஏறியிருக்கிறது என்று சுகாதாரத் துறைக்குத் தெரிந்திருந்தும், அந்தத் தகவலைக் கொண்டு வீட்டுவசதித் துறை அங்கே போய்ச் சோதிக்கவில்லை என்று காட்டியது. ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஏறியபின், அதே மாடியில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் ஏறும்வரை விட்டுவைப்பதை மன்னிக்க முடியாது. நகரமே வீட்டுக்காரராக இருக்கும் பொதுக் குடியிருப்புகளில் பல ஆண்டுகள் ஈயப் பெயின்ட் ஆய்வே நடக்காமல் போய், 2019-இல் மத்திய அரசின் கண்காணிப்பாளரைப் போட வேண்டியதாயிற்று. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வீட்டுவசதிச் சட்டம் பொருந்தாது. ரத்த அளவு ஏறினால்தான் சுகாதாரத் துறை வரும், அதற்கு முன் சோதிக்க வேண்டுமானால் தனியார் ஆய்வாளருக்குக் காசு கொடுக்க வேண்டும். அனுமதியில்லாத அடித்தள அறையில் வாடகைக்கு இருப்பவர் புகார் கொடுத்தால், வீட்டையே காலிசெய்யச் சொல்லும் உத்தரவு வரக்கூடும். அப்படிப்பட்டவர்கள் முதலில் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, குடியிருப்போருக்கான இலவச வழக்கறிஞரிடம் பேசியபின் 311-க்குப் போவது நல்லது.

இவ்வளவு இருந்தும், 2005-க்கும் 2018-க்கும் இடையில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ உள்ள ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை இந்த நகரத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்தது. சட்டம் இல்லாமல் இது நடந்திருக்காது.

தண்ணீருக்கும் 311-இல் இலவசச் சோதனைக் கிட் கேட்கலாம், திருப்பி அனுப்பும் செலவும் அவர்களுடையது. ஆறு மணி நேரமாவது குழாயைத் திறக்காமல் இருந்து, காலையில் வரும் முதல் தண்ணீரை ஒரு புட்டியில் பிடிக்க வேண்டும். ஓடவிட்டபின் இன்னொன்றில். இரவில் யாராவது தண்ணீர் குடிக்கத் திறந்தால் அன்றைய மாதிரி வீண். குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றாமல் பிடியுங்கள், அன்றாடம் குடிப்பது அதன் வழியாகத்தானே. தனி வீடாக இருந்தால், தெருவிலிருந்து உள்ளே வரும் குழாயைச் சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளியாக மின்னி, காந்தம் ஒட்டாமல் இருந்தால் அது ஈயக் குழாயாக இருக்கலாம். கொதிக்கவைத்தால் ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். சமைக்கவும் பால்பொடி கலக்கவும் குளிர்ந்த குழாயை அரை நிமிடமாவது ஓடவிட்டுப் பிடியுங்கள்.

3.5-க்கும் 9-க்கும் இடையில் அளவு வந்த பிள்ளைக்கு மூன்று மாதத்துக்குள் மறுபடியும் ரத்தம் பார்ப்பார்கள். மூலம் நின்றுவிட்டால் அளவு இறங்கத் தொடங்கும், எலும்பில் சேர்ந்தது மெல்ல வெளியே வருவதால் ஒரேயடியாக விழாது. கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் என்று இரும்பும் கால்சியமும் வைட்டமின் சி-யும் உள்ள உணவு, குடலில் ஈயம் ஏறுவதைக் குறைக்கும். சுவரெல்லாம் சரிசெய்தபிறகும் எண் அசையாமல் நின்றால் ஆய்வாளரை மறுபடியும் கூப்பிடுங்கள். இந்த முறை அஞ்சறைப்பெட்டி, குங்குமச்சிமிழ், ரசச் சொம்பு மூன்றையும் மேஜைமேல் எடுத்துவைத்துவிட்டு, அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.